பதினொரு மில்லிமீற்றர்

பர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரியின் நீள விறாந்தையில்
என் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.
இந்த நாட்டுக் கடதாசிகளில் அப்படித்தான்,
நான் பின்னுக்கு நிற்பேன், அவர் முன்னுக்கு வருவார்.
"ஃபிராவ் குல... குலவீ..."
இரண்டாம் தரம் தடுக்கியபோது
எழும்பி நின்று மிச்சத்தை முடித்துவைத்தேன்.

பத்து நாளாக வலது உள்ளங்கை கொதிக்கிறது.
பாரம் ஏற்றும் பலகைத் தட்டுகளைத் திருத்தும் பட்டறையில்
ஆணி பிடுங்குவது என் வேலை.
கையுறையைக் கழற்றினது ஒரு நிமிடம்.
பைன் மரம் அதற்காகவே காத்திருந்திருக்கிறது.

எக்ஸ்றேக்கு மரம் தெரியாது.
மரமும் தசையும் அதற்கு ஒரே சாம்பல்.
அது எனக்கு அப்போது தெரியாது,
இளம் டொக்டருக்கும் மறந்துபோயிருக்க வேண்டும்.
படத்தைப் பெருப்பித்தார், முகம் மலர்ந்தது.
"இதோ, ஸ்ப்ளிட்டர்!"

பெருவிரல் மேட்டுக்குள்
அரை உளுந்தளவில் ஒரு வெள்ளை.
எலும்பில்கூட அவ்வளவு வெள்ளை இல்லை.

"இது இல்லை."
"இதுதான், பாருங்கள்."
"இது வலிக்கிறதில்லை. இது பழசு."
எவ்வளவு பழசென்று கேட்டார்.
பத்து விரலையும் மூன்று தரம் விரித்துக் காட்டினேன்,
பிறகு நாலு.
வீங்கின கை ஒழுங்காக விரியவில்லை.

ஜெர்மன் மொழியில்
மரத்திலிருந்து தெறித்தாலும் ஸ்ப்ளிட்டர்,
ஷெல்லிலிருந்து தெறித்தாலும் ஸ்ப்ளிட்டர்.
எங்களிடம் ஒன்று சிராம்பு, மற்றது சன்னம்.
ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
ஐந்து நிமிடம் இழுபட்டோம்.

ஸ்கான் அறையில் விளக்கைக் குறைத்தார்கள்.
டொக்டர் எஷ்லிமான், நரைத்த மனுசி,
குளிர்ந்த பசையைப் பிதுக்கி
ஹொக்கி மட்டை மாதிரி வளைந்த சின்னக் கருவியால்
உள்ளங்கையை மெல்ல உழுதார்.
"விரலை மடக்குங்கள்."
திரையில் ஒரு நார் வழுக்கி ஓடித் திரும்பி வந்தது.
"இனி அசையாதீர்கள்."
அவர் மூச்சைப் பிடித்தார். நானும்.

ஒரு வெள்ளைக் கோடு.
சுற்றிவரக் கறுப்பாய்ச் சீழ்.
கோட்டுக்குக் கீழே, ஒலி போக முடியாமல் நின்ற இடத்தில்
நீளமாய் ஒரு நிழல்.
இரு முனையிலும் புள்ளடி வைத்து அளந்தார்:
பதினொரு மில்லிமீற்றர்.
"நரம்பு இதோ, பக்கத்திலேயே. தப்பிவிட்டது" என்றார்
ஏதோ நரம்பை நேரில் பாராட்டுவதுபோல.

விறைப்பூசி போட்டு
கையைப் பாராமல் திரையைப் பார்த்தபடி
இடுக்கியை உள்ளே விட்டார்.
வந்தது.
பல்லுக் குத்துகிற குச்சியின் முறிந்த முனை மாதிரி.
இதற்கா இரவிரவாக விழித்திருந்தேன்!

பசை இன்னும் காயவில்லை.
கருவியை ஒரு விரற்கிடை நகர்த்தினார்.
அங்கே மற்றது.
அதற்கு நிழல் இல்லை, வால் இருந்தது.
கோட்டுக்குக் கீழே கோடு, அதற்குக் கீழே இன்னொன்று,
அடித்த மணி அடங்காததுபோல.
"உலோகம் அப்படித்தான்" என்றார்.
"ஒலி உள்ளுக்குள்ளேயே மோதி மோதித் திரும்பும்.
எடுக்க வேணுமா?"
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

கீழே கந்தோரில் விபத்துப் படிவம்.
எப்போது? மார்ச் பதினாலு, பின்னேரம் மூன்றரை.
எங்கே? மூன்றாம் மேசை.
கண்ட சாட்சி? பக்கத்து மேசை தெஸ்ஃபாய்.
அந்தப் பெண் அறிக்கையை ஒரு முறை மேய்ந்தாள்.
"இரண்டு என்று போட்டிருக்கிறது.
மற்றதற்கும் ஒன்று நிரப்பவா?"
நல்ல பிள்ளை. கேலியில்லை,
விசைப்பலகையில் விரல் தயாராக இருந்தது.

எப்போது. தெரியும்.
எங்கே. சந்திக்கும் தபால்கந்தோருக்கும் நடுவில்.
கண்ட சாட்சி,
இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்.
காலையில் விறாந்தையில் இரண்டு தரம் கூப்பிட்டீர்களே,
அவர்.

"வேண்டாம்" என்றேன்.

கட்டுப் போட்ட கையில் பேனை நிற்கவில்லை.
இடக்கையால் எழுதினேன் அவர் பெயரை,
கோணலாக,
ஓரெழுத்தும் விடாமல்.